ஏன் புறப்படுகிறோம்? பயண ஆய்வுகளும் தருமபுரியும்

வீட்டை விட்டு மனிதர்கள் ஏன் கிளம்புகிறார்கள் என்ற கேள்விக்குத் தமிழின் பழைய விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. கல்வி, பகை, தூது, பொருள் என்று தலைவன் பிரிவதற்கான காரணங்களை அகத்திணையியல் வகுக்கிறது. புறப்படுகிறவன் ஆண், காத்திருப்பவள் பெண். இன்று பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போகும் தருமபுரி மாவட்டத்து அரூர்ப் பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

மேலைநாட்டு ஆய்வு வேறு வழியில் வந்தது. இடம்பெயர்வோரில் பெரும்பாலோர் பக்கத்து ஊர்களுக்கே போகிறார்கள் என்று ராவன்ஸ்டீன் 1885இல் காட்டினார். இருக்கும் இடம், போகும் இடம், நடுவிலுள்ள தடைகள் மூன்றையும் எவரெட் லீ 1966இல் சேர்த்துப் பார்த்தார். பார்படாஸ் தீவுக்கு வந்த பயணிகளை ஆராய்ந்த கிரஹாம் டான், அவர்களைத் தள்ளிவிட்டது தனிமையும் ஊரில் கிடைக்காத மதிப்பும்தான் என்று 1977இல் எழுதினார். தடைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவாவின் நினைவு வரும். தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலேற விடாதபோதும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், 1925இல் தருமபுரி பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் மறைந்தார்.

இவ்வளவு ஆய்வுகளிலும் எனக்கு ஒரு பெருங்குறை தெரிகிறது. கூலிக்குப் போகிறவரைக் குடிபெயர்வு ஆய்வு எடுத்துக்கொள்கிறது. ஒகேனக்கல்லில் குளிப்பவரைச் சுற்றுலா ஆய்வு. தீர்த்தமலை ஏறுபவரைச் சமய ஆய்வு. தருமபுரியில் இந்த மூவரும் ஒரே ஆள்தான். மானாவாரிக் காடு காய்ந்தால் அவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போகிறார். ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு ஒகேனக்கல் வருகிறார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லிப் பாறையில் படுத்துக் கிடக்கிறார். கடையில் மீன் வாங்கி, அங்கேயே சமைத்துத் தரும் அம்மாவிடம் கொடுத்து, பாதியைக் குழம்பாகவும் பாதியை வறுவலாகவும் கேட்கிறார். காவிரி நீர் அளக்கப்படும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடிவிட்டால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வந்துவிடும். அது தெரிந்தும், வெள்ளத்தைப் பார்த்தால் போதும் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதை எந்தத் தேவைக் கணக்கில் எழுதுவது?

யாத்திரை ஆய்வாளர்கள் இதை நெருங்கியிருக்கிறார்கள். இராவதி கார்வே பண்டரிபுரத்துக்கு வார்க்கரிகளோடு நடந்தார். ஈழத்தில் பிறந்த வாலன்டைன் டேனியல் தமிழ்க் கிராமத்தாரோடு சபரிமலைக்குப் போய், 1984இல் வெளிவந்த தன் நூலில் அதைப் பதிவு செய்தார். கூடவே நடந்ததால்தான், ஆசையும் களைப்பும் பக்தியும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதை அவர்களால் பார்க்க முடிந்தது.

ஆசையைப் பேசும்போது வறுமையை மறந்துவிடவும் கூடாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் இறந்த 20 பேரில் தருமபுரி மாவட்டத்தாரும் உண்டு. பயணத்தை விருப்பம் என்று மட்டும் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் ஏழையின் ஒவ்வொரு பயணத்தையும் பசியாக மட்டும் எழுதுவதும் அநீதியே. பசி இருக்கிறவருக்கும் அருவியைப் பார்க்க வேண்டும் என்று இருக்கும்.

குடிபெயர்வு பற்றி ஆய்வு செய்யவிருக்கும் நம் மாணவர்கள் தருமபுரி பேருந்து நிலையத்தில் கேள்வித்தாளோடு நிற்கும்போது, சம்பளம், கடன், நிலம் பற்றிக் கேட்டுவிட்டு இன்னொன்றும் கேட்க வேண்டும்: “போன ஊரில் என்ன பார்த்தீங்க? இன்னும் எங்கே போகணும்னு ஆசை?”