எஸ்பிளனேட் கூரையின் தகட்டணி: ஒரு திறனாய்வு

அணி என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. மகளிர் பூணும் நகை அணி. செய்யுளின் அழகு அணி. களத்தில் வகுத்து நிறுத்திய படையும் அணியே. இக்காலக் கணித நூலார் எண்களை நிரையும் நிரலுமாக வைத்த அமைப்பிற்கும் அப்பெயரையே இட்டுள்ளனர். கட்டட வடிவமைப்பு மென்பொருள்களில் இன்று பெரிதும் பேசப்படும் அளபுருத் தகட்டணியை மதிப்பிடப் புகுவோர்க்கு இப்பல்பொருள் ஒருவகையில் உதவியாகவே இருக்கிறது. ஒரு கட்டடத்தின்மேல் ஆயிரக்கணக்கிற் பதிக்கப்படும் தகடுகள் நகையாகக் கிடக்கின்றனவா, படையாக நின்று தொழில் புரிகின்றனவா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலையரங்கத்தின் கூரையைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

இம்முறை யாது என்பதை முதலிற் சுருங்கக் கூறிவிடுதல் நலம். நம் ஆசிரியர்களுள் சிலர் இதனை வெறுங் கணினி விளையாட்டென ஒதுக்கிவிடக் கூடும். வளைந்த பரப்பு ஒன்றை மென்பொருளில் வரைந்து, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை ஓட்டுகின்றனர். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் கணுக்கள். பிறகு தகடு ஒன்றைத் தனியே அமைக்கின்றனர். அதற்கு முடிந்த அளவு எதுவும் குறிக்கப்படுவதில்லை. எந்தக் கணுக்களை அது பற்றிக்கொள்ள வேண்டும், அதன் ஆழமும் திறப்பும் சாய்வும் எதனைப் பொறுத்து மாறவேண்டும் என்பனவே குறிக்கப்படுகின்றன. மாறத்தக்க அவ்வளவுக்கே அளபுரு என்று பெயர். அத்தகட்டைப் பரப்பெங்கும் நிரப்பினால், அகன்ற இடத்தில் அகன்றும் குறுகிய இடத்திற் குறுகியும் ஒவ்வொன்றும் தன் இடத்திற்கேற்ற உருவைத் தானே அடைகிறது. கதிரவன் நிற்கும் திசைக்கும் தகட்டின் முகம் நோக்கும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தை மென்பொருளே அளந்து, கோணம் சிறுத்தால் திறப்பை மூடவும் பெருத்தால் திறக்கவும் வாய்பாடு ஒன்றை எழுதிவைக்கலாம். 2007 இல் வெளிவந்த கிராஸ்ஹாப்பரும், ரெவிட்டும், அதனோடு இணைந்து இயங்கும் டைனமோவும் இவ்வேலையைக் கல்லூரி மாணவரும் ஒரு பிற்பகலிற் செய்யத்தக்கதாக ஆக்கிவிட்டன.

யாப்புக் கற்பிப்போர்க்கு இதுவொன்றும் புதுமையாகத் தோன்றாது. வெண்பாவில் ஒரு சீர் தன் விருப்பம்போல் வந்து நிற்பதில்லை. மாமுன் நிரையும் விளமுன் நேரும் காய்முன் நேரும் வரவேண்டுமென, நின்ற சீரே வருஞ்சீரின் தலையை முடிவு செய்கிறது. தகடும் அத்தகையதே. அண்டையிலுள்ள தகட்டோடு கணுவைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசையும். கணுக்களை எண்ணும் வரிசை ஓரிடத்திற் பிறழுமாயின் தகடு உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு நிற்கும். வெண்பாவின் ஈற்றுச்சீருக்குத் தனி விதி இருப்பதுபோல ஓரத் தகடுகளுக்கும் தனி விதி வேண்டும். பரப்பின் விளிம்பில் அரையுங் காலுமாக எஞ்சுகின்ற தகடுகளை என்செய்வது என்பதிலேதான் வடிவமைப்பவரின் திறம் வெளிப்படும். நடுவிடத்தை எவரும் நிரப்பிவிடுவர். ஆயினும் தளை தட்டாத வெண்பாக்கள் அனைத்தும் கவிதை ஆகிவிடுவதில்லையே!

எஸ்பிளனேட் 2002 ஆம் ஆண்டு அக்டோபர் 12 ஆம் நாள் திறக்கப்பெற்றது. டிபி ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் மைக்கேல் வில்ஃபோர்டு நிறுவனமும் அதன் வடிவமைப்பில் ஈடுபட்டவை. ஏறத்தாழ 1,600 இருக்கைகள் கொண்ட இசைமண்டபத்தையும், ஏறத்தாழ 2,000 இருக்கைகள் கொண்ட நாடக அரங்கையும் இரு கண்ணாடிக் கூடுகள் கவிந்து நிற்கின்றன. அக்கண்ணாடிமேல் 7,000க்கும் மேற்பட்ட முக்கோண அலுமினிய நிழற்றகடுகள். மக்கள் அதனை டுரியான் என அழைக்க, அப்பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் 1994 இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட வடிவத்தில் முள் ஒன்றும் இல்லை. வெறுங் கண்ணாடியே தெரிந்தது. இவ்வெப்ப நாட்டில் கண்ணாடி வீடா என்று பலரும் குறை கூறினர். தகடுகளின் இறுதி வடிவம் அதற்குப் பின்னரே உருப்பெற்றது. இன்று நாம் குறிப்பிடும் மென்பொருள்கள் அன்று இல்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். கருவி வருமுன்பே கருத்து வந்துவிட்டது.

அத்தகடுகள் தொழில் புரிகின்றனவா? சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகையளவே வடக்கில் உள்ளது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் உச்சிவெயில் நேர் தலைக்குமேல் விழுகிறது. ஜூனில் அது வடக்கே சாயும். டிசம்பரில் தெற்கே சாயும். கிழக்கிலும் மேற்கிலும் ஆண்டு முழுவதும் தாழ்ந்த வெயில் உண்டு. தெற்குச் சுவருக்கு நிழல் தந்தால் போதுமென்ற ஐரோப்பியக் கணக்கு இங்கே செல்லாது. எல்லாத் திசையையும் நோக்கி வளைந்த ஒரு கூட்டின்மேல், ஒவ்வோர் இடத்திற்கும் வெயிலின் கணக்கு வேறாகிறது. எஸ்பிளனேட்டைச் சுற்றி நடந்து பார்ப்பவர், தகடுகள் ஓரிடத்திற் படிந்தும் பிறிதோரிடத்தில் பறவையின் அலகுபோல் நீண்டும் இருப்பதைக் காண்பர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. அக்காரணம் வானத்தில் இருக்கிறது. இவ்வளவில் இதனைப் படையணி என்றே கூறுவேன்.

தகடுகள் பகலெல்லாம் கதிரவனைப் பின்தொடர்ந்து திரும்புவதாகச் சில சுற்றுலாக் குறிப்புகள் எழுதுகின்றன. அது சரியன்று. அவை நிலையாகப் பொருத்தப்பட்டவை. அதுவே நல்லதும் ஆயிற்று. பாரிஸ் நகரில் 1987 இல் எழுந்த அரபுலக நிறுவனத்தின் தெற்குச் சுவரில், கண்ணின் பாவைபோல் சுருங்கி விரியும் உலோகத் திரைகளை ழான் நூவெல் அமைத்தார். அழகு மிக்க வேலை! ஆனால் அதன் பொறிகள் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிக்கி நின்றன. கடற்காற்றும் மழையும் ஓயாத நம் ஊரில் அதனைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் திறனாய்வாகாது. இசைமண்டபமும் நாடக அரங்கும் உள்ளே தனித்தனிப் பெட்டிகளாக மூடிக் கிடக்கின்றன. ஒளி அவற்றுக்கு வேண்டாதது. கண்ணாடிக் கூட்டினுள் வெயில் படுவது அவற்றைச் சூழ்ந்த முன்கூடங்களில்தான். அங்கே கண்ணாடி வைத்தமையால் வெயில் வந்தது. வெயில் வந்தமையால் தகடு வேண்டியதாயிற்று. தானே அழைத்த விருந்தினருக்குக் கதவடைக்கும் செயலைப் போன்றது இது. விரிகுடாவின் காட்சி முன்கூடத்தில் நிற்போர்க்குக் கிடைக்கிறதே என்று மறுமொழி கூறுவர். அது மெய்யே. ஆனால் அக்காட்சி கண்மட்டத்தில் உள்ளது. கூட்டின் உச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தகட்டணி வல்லமையுடையது என்பதற்காக அது தீர்த்துவைத்த இடர் தேவையானதே என்று ஆகிவிடாது.

வேறுபாட்டின் விலையைப் பற்றியும் பேசவேண்டும். சிட்னி இசைநாடக அரங்கின் ஓடுகளை எவ்வாறு கட்டுவதெனப் பல ஆண்டுகள் இடர்ப்பட்ட யோர்ன் உட்சன், 1961 இல் அவை யாவற்றையும் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகளாக்கினார். எங்கும் ஒரே வளைவு. ஆகவே அதே அச்சு மீண்டும் மீண்டும் பயன்பட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான் வில்லைகளைத் தரையிலேயே பலகைகளாக வார்த்து மேலேற்ற முடிந்ததும் அதனாலேதான். 1973 இல் அரங்கு திறக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் திறந்த இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியக முற்றத்தின் கூரை இதற்கு நேர்மாறானது. அதிலுள்ள கண்ணாடிகள் 3,312. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. நான்கு கணுக்கள் வளைந்த பரப்பில் பெரும்பாலும் ஒரு தளத்தில் அமையமாட்டா. தட்டையான கண்ணாடி வளைந்து கொடுக்காது. மூன்று கணுக்களோ எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும். அங்கே முக்கோணம் வந்ததற்குக் காரணம் இதுவே. கலைநயம் என்பது பின்னர் வந்து சேர்ந்த பேச்சு.

திரையில் ஆயிரம் வேறுபாடுகளுக்கும் ஒரே உழைப்புத்தான். களத்தில் அப்படியன்று. ஒவ்வொரு தகட்டுக்கும் எண் எழுதவேண்டும், அவ்வெண்ணைத் தேடி ஏற்றவேண்டும், இருபது ஆண்டு கழித்து ஒன்று உடைந்தால் அதே உருவைத் தனியே வெட்டவேண்டும். இம்மூன்றையும் மறந்து, அண்மைக் காலத்தில் பல நகரங்களில் எழும் வாகனக் கொட்டகைகளும் கடைத்தொகுதிகளும் துளையிட்ட தகடுகளை அலையலையாய் உடுத்தி நிற்கின்றன. வடக்கிலும் மேற்கிலும் அதே அலை. துளை பெரிதாவதற்கும் சிறிதாவதற்கும் காரணம் கேட்டால், படம் ஒன்றின் கருமைவெண்மையைப் பின்பற்றியது என்பர். அது நகை, விலை மிகுந்த நகை.

மற்றோர் இடர் மாதிரியின் உள்ளே மறைந்திருக்கிறது. வாய்பாட்டை எழுதியவர் வேறு வேலைக்குச் சென்றபின், அடுத்து வருபவர் அளபுருக்களுக்கு அ1, அ2 என்று மட்டுமே பெயர் இருப்பதைக் கண்டு திகைக்கிறார். உரையில்லாத நூற்பாவைப் போல அது கிடக்கும். திருத்த அஞ்சி, தகடுகளை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றத் தொடங்குவார். அன்றே அது அணி என்னும் பெயரை இழந்துவிடும். இதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவர் தரும் அழகிய படத்துக்கு மதிப்பெண் இடுமுன், மாதிரியைத் திறந்து கதிரவன் திசையைத் தொண்ணூறு பாகை திருப்பச் சொல்லலாம். தகடுகள் மாறுகின்றனவா என்று ஒரு நிமிடத்திற் தெரிந்துவிடும்.