பூங்காநகரும் மறைந்த சீர்திருத்தமும்

இங்கிலாந்தின் எபனேசர் ஹவாட் பூங்காநகர்க் கொள்கையை வகுத்த நூல், 1898இல் ‘நாளை: உண்மையான சீர்திருத்தத்துக்கு ஒரு சமாதானப் பாதை’ என்ற தலைப்புடன் வெளிவந்தது. 1902ஆம் ஆண்டுப் பதிப்பிலோ அத்தலைப்பு ‘நாளைய பூங்காநகரங்கள்’ என்றாயிற்று; சீர்திருத்தம் மறைந்தது, பூங்கா எஞ்சியது.

இன்றைய உல்லாசப் பிரயாணமும் இதையே செய்கின்றது. 1903இல் தொடங்கப்பெற்ற லெச்வேர்த் நகரின் நிழல்மர வீதிகளையும் எழில்மிகு இல்லங்களையும் கண்டு வியப்போர் பலர். ஆனால், நிலம் சமுதாயத்துக்கு உரியதாகி, அதன் பெறுமதி உயர்வின் பயன் மக்களுக்கே திரும்புதல் வேண்டும் என்பதன்றோ ஹவாட்டின் அடிப்படை நோக்கம்? இன்றும் அங்கு நிலவருவாய் ஓர் அறநிறுவனத்தின் வழியாக நகருக்கே செலவாகின்றது.

இந்நில உறவை மறந்து ரசிக்கப்படும் பண்பாட்டு நிலக்காட்சி அரைகுறையானதே. வழிகாட்டுவோர் மரங்களின் பெயரைக் கூறுமுன் மண் யாருடையது என்பதைக் கூறுவாராக.