பாளையக்காரன் செத்த பிறகும் நில்லுங்கள்

கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு வகை உண்டு. நாம் ஒரு வேடம் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அங்கே செத்தால் செத்ததுதான். 1980இல் கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரண்டு இளைஞர்கள் எழுதிய 'ரோக்' இந்த வம்சத்துக்கு மூத்தது. நிறுத்திவைத்த ஆட்டத்தைத் திறந்ததுமே பழைய பதிவை அது அழித்துவிடும். தப்பு செய்துவிட்டுப் பின்னால் போய்த் திருத்திக்கொள்ள வழியே இல்லை. 1987இல் வந்த 'நெட்ஹேக்' இறந்தவனுக்குக் கல்லறை வரைந்து, எதனால் செத்தான் என்றும் எழுதிவைக்கும். சில சமயம் அவன் விழுந்த தளத்தை அப்படியே பத்திரப்படுத்தும். அடுத்து நாம் அனுப்பும் ஆள் அங்கே போனால், பழைய ஆளின் ஆவியும் மூட்டை முடிச்சும் காத்திருக்கும். இதை ஆடிப் பழகியவர்கள் ஜெயித்த கதையைவிடச் செத்த கதையைத்தான் ஆசையாகச் சொல்வார்கள்.

அந்த ருசி தெரிந்தவர்கள் மே மாத வெயிலைப் பொருட்படுத்தாமல் ஒரு முறை திருப்பதிக்குப் போக வேண்டும். மலைக்கு அல்ல, அடிவாரத்து ஊருக்கு. தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயிலைச் சுற்றி ஒரு வாரம் நடக்கும் ஜாத்திரையில் ஊரே வேடம் கட்டுகிறது. அந்த ஒரு வாரத்தின் நடுவே ஒரு சாவு இருக்கிறது.

கதை சின்னது. ஊரை ஆண்ட பாளையக்காரன் பெண்களை விட்டுவைப்பதில்லை. கங்கம்மா மேலும் கைவைக்கப் பார்த்தான். அவள் தன் உண்மையான உருவத்தைக் காட்ட, ஓடி ஒளிந்துகொண்டான். நாளுக்கு ஒரு வேடமாக மாற்றிக்கொண்டு அவள் அவனைத் தேடுகிறாள். அம்மனின் வேடங்களைக் கட்டும் உரிமை கைகாலக் குடும்பத்தாருக்கு. மற்றவர்கள் நேர்த்திக்கடனாகக் கட்டிக்கொள்கிறார்கள். கங்கம்மாவை வெங்கடாசலபதிக்குத் தங்கை என்று இங்கே சொல்வார்கள். தேவஸ்தானத்திலிருந்து சீர்வரிசையும் வருகிறது.

செவ்வாய் நள்ளிரவில் சாட்டிம்பு, அதாவது ஊருக்குப் பறைசாற்றல். புதன்கிழமை பைராகி வேஷம், உடம்பெல்லாம் வெள்ளை. வியாழன் பண்ட வேஷம், குங்குமச் சிவப்பு. அன்றைக்கு வசவும் நேர்த்தியில் சேர்த்தி. குழந்தைகள்கூடக் கூச்சமில்லாமல் திட்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெள்ளிக்கிழமை தோட்டி வேஷம், கரிக்கறுப்பு. இந்த மூன்று நாளில் ஏதாவது ஒன்றையாவது பார்த்துவிட்டுத்தான் சனிக்கிழமைக்கு வர வேண்டும் என்பேன். நேராக வெட்டு விழும் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கூட்டம்தான் மிஞ்சும். கோவணம் கட்டிய பொடியன் முதல் நரைத்த தாத்தா வரை வேப்பிலையோடு தெருவில் வருவதைப் பார்த்தால்தான், தேடுகிறவள் எத்தனை உருவில் எத்தனை வாசலில் நிற்கிறாள் என்பது உறைக்கும்.

சனிக்கிழமை தொர வேஷம். தொர என்றால் துரை, பிரபு. பைராகிக்கும் தோட்டிக்கும் வெளியே வராத பாளையக்காரன், தனக்கு மேலே இருக்கும் பிரபுவே வந்திருக்கிறார் என்று நம்பி வெளியே வருகிறான், தலை போகிறது. ஆட்டத்தின் நுணுக்கம் இந்த இடத்தில்தான். அவனைப் பிடித்தது வலிமை அல்ல, அவனுடைய பணிவு. கீழே இருப்பவர்களிடம் புலியாகவும் மேலே இருப்பவர்களிடம் பூனையாகவும் இருக்கிறவனை எந்த வேடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மன் கண்டுபிடித்துவிட்டாள். நல்ல நெட்ஹேக் சாவும் இப்படித்தான் இருக்கும்: குணத்தால் வந்த சாவு.

அதோடு கிளம்பிவிடாதீர்கள். திரையில் பெரிய வில்லன் விழுந்ததும் பாட்டும் பெயர்ப்பட்டியலும் ஓடும். இங்கே இன்னும் நாட்கள் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மாதங்கி வேஷம்: கொன்றவளே செத்தவனின் மனைவிக்கு ஆறுதல் சொல்ல வருகிறாள். செத்தவன் அக்கிரமக்காரன்தான், ஆனாலும் அவன் திரும்பி வரமாட்டான், ஒரு பெண் விதவையாகிவிட்டாள் என்ற கணக்கை இந்த ஜாத்திரை மறைப்பதில்லை. ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, நகை பூட்டி வரும் கோலத்தைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 2024 டிசம்பரில் வந்த 'புஷ்பா 2' படத்துக்குப் பிறகு அதைப் போட்டோ எடுக்க வருகிறவர்கள் பலர். புடவையை எடுங்கள், தப்பில்லை. அவர் யாருக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொண்டு எடுங்கள். வேடம் கட்டும் ஆண்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் பற்றி விரிவாகப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, ஆய்வாளர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் எழுதிய ஆங்கில நூல் இருக்கிறது.

திங்கட்கிழமை சுண்ணாம்புக் குண்டலு, அதாவது சுண்ணாம்புப் பானைகள். செவ்வாய்க்கிழமை பெரிய ஜாத்திரை. பொங்கலும் கூட்டமும் தாங்காது. அன்றிரவு கோயில் முன்னால் களிமண்ணில் அம்மனின் விஸ்வரூபம் எழும்பும். பொழுது விடியும் நேரத்தில் பேரண்டாலு வேஷம் வந்து அந்த முகத்தின் கன்னத்தைப் பெயர்த்தெடுக்கும். மண்ணுக்காகக் கைகள் முண்டியடிக்கும். ஒரு வாரம் உருமாறிக்கொண்டே வந்தவளின் கடைசி உருவமும் அவ்வளவுதான்.

வருடா வருடம் சாகிறவனுக்கு எப்படி நிரந்தரச் சாவு என்று கேட்கலாம். ஆட்டத்துக்கு உள்ளே உயிர்த்தெழுதல் கிடையாது. அடுத்த மே மாதம் வருவது வேறு ஆட்டம். ரோக்கிலும் அதே சட்டம்தான்.

திருப்பதியின் நெரிசல் வேண்டாம் என்றால் சித்தூர் நடுவீதி கங்கம்மா ஜாத்திரைக்குப் போகலாம். அதுவும் மே மாதம்தான். 1911 வரை வட ஆற்காட்டில் இருந்த ஊர். கடையில் தமிழில் கேட்டாலே வழி சொல்வார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலக்கும் குப்பத்திலும் அதே மாதம் கங்கம்மா உண்டு. ஆனால் நாளுக்கு ஒரு வேடமாக நகரும் வேட்டையைப் பார்க்கத் திருப்பதிக்குத்தான் வர வேண்டும். ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள்.