நகராத கவசம்: பம்பாயின் மொனிற்றர்களும் கொழும்பின் கல்லணையும்

ஆழ்கடலில் சென்று போரிடுவதற்கன்றி, ஒரே துறைமுகத்தின் வாயிலில் நின்று காவல் காப்பதற்கென்றே இரும்புக் கவசக் கப்பல்களைக் கட்டும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரித்தானியப் பேரரசில் சிறிது காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. இந்து சமுத்திரத்தில் அவ்வழக்கின் பயனாக வந்து சேர்ந்தவை, பம்பாய்த் துறைமுகத்துக்கென 1870இல் கட்டி முடிக்கப்பட்ட மக்டாலா, அபிசீனியா என்னும் இரு கப்பல்கள் ஆகும். பம்பாயிலிருந்து புறப்பட்ட படை 1868 ஏப்ரலில் அபிசீனிய மன்னனின் மக்டாலாக் கோட்டையைக் கைப்பற்றிய வெற்றியின் நினைவாகவே இப்பெயர்கள் சூட்டப்பட்டன. ஆயினும் அப்பெயர்களைத் தாங்கிய கப்பல்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பம்பாயிலேயே நின்று, பகைவர் மீது ஒரு குண்டேனும் சுடாமல் சேவையை முடித்துக்கொண்டன. அந்த அமைதியையே அவற்றின் வெற்றி எனக் கொள்வதும், அதையே வீண்செலவுக்குச் சான்றாகக் காட்டுவதும் ஒரே அளவுக்கு அவசரமான முடிவுகளே. வராத பகைவன் எதனால் வரவில்லை என்பதை எந்தக் கப்பலின் நாட்குறிப்பும் சொல்லாது.

இவ்வகைக் கப்பலின் மூலவடிவம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோன்றியது. 1862 மார்ச் 9இல் ஹாம்ப்டன் ரோட்ஸ் நங்கூரத்துறையில் பொருதிய ‘மொனிற்றர்’ என்னும் கப்பலின் பெயரே பின்னர் அவ்வினம் முழுவதற்கும் ஆகிவந்தது. மேல்தளம் ஏறக்குறைய நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்க, அதன்மேல் சுழலும் கூண்டொன்றில் பீரங்கிகளை அமைப்பது அதன் சூத்திரம். பக்கச்சுவர் தாழ்ந்திருப்பதால் பகைவர் குண்டுக்கு இலக்காகும் பரப்புச் சுருங்குகிறது. கவசம் போர்த்த வேண்டிய இடம் குறைவதால், அதே எடையில் தடித்த தகடு பொருத்தவும் முடிகிறது. ஆனால் அலை சற்று எழுந்தாலும் கூண்டின் அடிப்புறத்தாலும் புகைபோக்கியின் அருகாலும் நீர் உட்புகும் என்பது அதன் தீராத நோயாக இருந்தது. பிரித்தானியக் கடற்படையின் தலைமைக் கட்டுமானராக விளங்கிய எட்வர்ட் ரீட், தளத்தின் நடுப்பகுதியில் மார்பளவுக் கவச அரணொன்றை எழுப்பி, கூண்டுகளையும் புகைபோக்கியையும் அதனுள் அடக்கி அந்நோய்க்கு மருந்து கண்டார். மக்டாலாவும் அபிசீனியாவும், அவுஸ்திரேலியாவின் விக்டோரியாக் குடியேற்றத்துக்குச் சென்ற செர்பரஸும் இந்த ‘மார்பரண் மொனிற்றர்’ வகையைச் சேர்ந்தவை.

வடிவமைப்பு என்ற அளவில் அதைக் குறைகூற அதிகம் இல்லை. ஏறத்தாழ 3,340 தொன் எடையுள்ள மக்டாலா 225 அடி நீளத்துக்குள், கப்பலின் நடுவில் 8 அங்குலத் தடிப்பான இரும்புக் கவசத்தையும், இரு கூண்டுகளில் 10 அங்குல வாய் கொண்ட நான்கு பீரங்கிகளையும் சுமந்தது. அவ்வளவையும் சுமந்தும் அது நீருக்குள் அமிழ்ந்த ஆழம் 15 அடி அளவே. அக்காலத்துப் பெரிய சமுத்திரக் கவசக் கப்பல்கள் 25 அடிக்கு மேல் அமிழ்ந்தன என்பதை நினைத்தால், பகைவன் தொடர முடியாத ஆழமற்ற நீரில் நின்றுகொண்டு சுடும் வாய்ப்பு எத்தகைய பலம் என்பது விளங்கும். 1870களில் பம்பாய்த் துறைமுகத்துக்குள் அத்துமீற எண்ணிய எந்தத் தளபதியும் இதைக் கணக்கில் எடுக்காமல் இருந்திருக்க முடியாது.

குறைகள் அதே பலத்தின் மறுபுறமாகவே வந்தன. தாழ்ந்த பக்கமும் முழுப் பாய்மரமும் கொண்ட ‘கப்டன்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் 1870 செப்டெம்பர் 7இல் கவிழ்ந்து, ஏறத்தாழ 480 பேர் மாண்டனர். அதையடுத்து வந்த மாரிகாலத்தில் தற்காலிகப் பாய்மரங்களைப் பூட்டிக்கொண்டு மக்டாலா பம்பாய்க்குப் பயணப்பட வேண்டியிருந்தது. அப்பயணம் பத்திரமாக முடிந்தது என்பதற்கு மேல் அதைப் பாராட்ட ஒன்றுமில்லை. துறைமுகத்தை அடைந்தபின் பாய்மரங்கள் களையப்பட்டன. தளம் நீரை ஒட்டியிருந்தமையால் பக்கச் சாளரம் வைக்க இடமற்ற இரும்புக் கூட்டினுள், பம்பாயின் சித்திரை வெயிலில் மாலுமிகள் வாழ வேண்டியிருந்ததை வடிவமைப்பு வரைபடங்கள் எங்கும் குறிப்பதில்லை.

எனினும் வழக்கத்தின் அடிப்படைப் பிழை வசதிக்குறைவில் அல்ல, புவியியலில் இருந்தது. ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பவுண் செலவில் இரு கப்பல்களைப் பெற்ற கரையோரத்தில், பம்பாய் மட்டும் காக்கப்பட்டது. சென்னப்பட்டணமோ கொழும்போ அவற்றின் நிழலில்கூட நிற்கவில்லை. 1914 செப்டெம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டுவீசி எரித்து, பின்னர் இலங்கையைச் சுற்றிச் சென்று வணிகக் கப்பல்களை மூழ்கடித்தபோது, அம்மொனிற்றர்கள் விற்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. அவை அன்று உயிரோடிருந்தாலும், மணிக்கு பத்துக் கடல்மைல் வேகத்தோடு பம்பாயில் கிடந்திருக்குமேயன்றி எம்டனின் நிழலைக்கூடக் கண்டிராது. கெட்டிக்காரத் தந்திரசாலிக்கு ‘எம்டன்’ என்ற பெயரைத் தமிழ் வாய்வழக்கு ஏற்றுக்கொண்டதே, விரைவும் நகர்ச்சியும் அளித்த மேலாண்மைக்கு மக்கள் அளித்த சான்றிதழ்.

கொழும்பு வேறு வழியிற் சென்றது. திறந்த கடலாகக் கிடந்த நங்கூரத்துறையில் வேல்ஸ் இளவரசர் 1875 டிசெம்பரில் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்புச் சுவர், மஹரக் கல்லுடைப்பிலிருந்து கைதிகள் உடைத்தெடுத்த கல்லைக் கொண்டு, நான்காயிரம் அடிக்கு மேற்பட்ட நீளத்தில் 1885இல் நிறைவெய்தியது. அதனால் நிலக்கரி ஏற்றும் வணிகம் காலியிலிருந்து கொழும்புக்கு இடம்பெயர, கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் துறைமுகத்தோடு சேர்ந்து வளர்ந்தன. நிலக்கரித் துறைமுகங்களைக் காக்க வழி ஆராய்ந்த கார்னர்வன் ஆணைக்குழு 1882இல் பணியை முடித்தபின், கொழும்பின் காவல் கரைப் பீரங்கிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கரைப் பீரங்கியும் நகராததுதானே என்ற வினா நியாயமானது. ஆனால் பீரங்கி பழமையானால் அதே மேடையில் புதியது ஏற்றலாம். அதற்குக் கொதிகலனும் உலர்துறையும் வேண்டியதில்லை. மூழ்கும் அச்சமும் இல்லை.

நகராத கவசக் கப்பலின் காலம் கடந்துவருவதைப் பம்பாயிலும் உணர்ந்தவர்கள் இருந்தனர் என்பதற்கு, 1880களின் இறுதியில் வாங்கப்பட்ட டோர்பிடோப் படகுகளே அடையாளம்: சிறிய, விரைவான, மலிவான கலங்கள். அப்படியிருந்தும் 1892இல் மொனிற்றர்களின் பழைய பீரங்கிகளை அகற்றிவிட்டு 8 அங்குலப் புதிய பீரங்கிகள் பூட்டப்பட்டன. எஃகுக் கவசம் இரும்பை வெகுதூரம் பின்தள்ளியிருந்த அந்த ஆண்டில், 1870இன் இரும்புத் தகட்டுக்குப் பின்னால் புதிய ஆயுதத்தை வைத்தது இச்சேவை வரலாற்றின் மிகப் பலவீனமான முடிவு. முதற் பத்தாண்டில் நியாயமாயிருந்த வழக்கம், அதன்பின் நிலைத்தது பழக்கத்தினாலன்றித் தேவையினால் அல்ல.

பம்பாய்க் கப்பல்கள் இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பழைய இரும்பாக விற்கப்பட்டன. செர்பரஸ் மட்டும் எஞ்சியது. 1926இல் மெல்பேர்ணுக்கு அருகே ஹாஃப் மூன் விரிகுடாவில் அதை மூழ்கவைத்து, படகுத்துறைக்கு அலைதடுப்பாக்கினார்கள். மஹரக் கல் கொழும்பில் 1885 முதல் செய்துவரும் வேலையை, அந்தக் கவசக் கப்பல் அங்கே அன்றுதான் தொடங்கியது.