ஒரு கோலில் போனதா?

ஷில்லாங்கில் 0-0. ஹாங்காங்கில் 0-1. சிங்கப்பூரில் 1-1. மட்காவில் 1-2. கடைசியாக டாக்காவில் 0-1. 2027 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியக் கால்பந்து அணி 2025-ல் ஆடிய ஐந்து ஆட்டங்களின் கணக்கு இது. மூன்று தோல்வி, மூன்றும் ஒரே கோல் வித்தியாசம். மயிரிழையில் தவறியது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள வசதியான எண்கள்தான். ஆனால் குழு பிரிக்கப்பட்டபோது நால்வரில் மேல் தரவரிசை நமக்குத்தான் இருந்தது. போட்டி நடக்கும் சவுதி அரேபியாவுக்குப் போகும் ஒரே இடத்தை 11 புள்ளிகளோடு சிங்கப்பூர் எடுத்துக்கொண்டது. அந்த ஐந்து ஆட்டம் முடிந்தபோது 2 புள்ளிகளோடு கடைசியில் நின்றது நாம்.

திருப்பூர் அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளைச் சுற்றி கால்பந்து பேசுபவர்களில் பலர் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள். அவர்கள் பேச்சு ஹாங்காங் பெனால்டியைச் சுற்றியே போகிறது. 2025 ஜூன் 10, காய் டாக் மைதானம். ஆட்டம் டிராவில் முடியப்போகும் நேரத்தில் கோல்கீப்பர் விஷால் கைத் பந்தைக் குத்த வெளியே வந்தார், கை எதிராளி மீது பட்டது. இஞ்சுரி டைமில் ஸ்டெஃபான் பெரெய்ரா பெனால்டியை அடித்தார், முடிந்தது. கைத்தைத் திட்டுவது சுலபம். முதல் பாதியில் கோலுக்கு எதிரே கிடைத்த வாய்ப்பை ஆஷிக் குருணியன் வெளியே அடித்ததைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. எனக்கு அந்த நிமிடம்தான் முக்கியம். திருப்பூரில் கட்டிங்கில் தொலைத்த நாளை பேக்கிங்கில் பிடிக்க முடியாது. கைக்காசு போட்டு விமானத்தில் சரக்கு அனுப்பும்போது பேக்கிங்காரனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

ஐந்து ஆட்டங்களில் நாம் போட்டது இரண்டே கோல். அதில் சிங்கப்பூரில் 90-வது நிமிடத்தில் ரஹீம் அலி அடித்தது, எதிரணித் தடுப்பாளர் செய்த தவறில் கிடைத்தது. சந்தேஷ் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கிப் போனபின் பத்துப் பேரோடு அரை ஆட்டம் ஆடி எடுத்த அந்த ஒரு புள்ளியைக் குறைத்துப் பேசக் கூடாது. நாமே கட்டி நாமே முடித்த கோல் என்றால் மட்காவில் 14-வது நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்தே தூரத்திலிருந்து அடித்தது ஒன்றுதான். அதன்பின் சிங்கப்பூரின் சாங் உய்-யங் 44, 58 நிமிடங்களில் இரண்டு போட்டார். தடையால் ஜிங்கன் வெளியே உட்கார்ந்திருந்தார். அன்றோடு கணக்கு மூடியது.

நூலளவில் தவறியது என்றால் அது 2024-ல் நடந்தது. அதை நாம் மறந்துவிட்டோம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குழுவில் இரண்டாமிடம் பிடித்திருந்தால் இந்த ஆசியக் கோப்பைக்கு நேராகவே இடம் கிடைத்திருக்கும். குவைத் 7, இந்தியா 5. கவுகாத்தியில் கேப்டன் சுனில் சேத்ரியின் பெனால்டியில் முன்னிலை பெற்று, ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றோம். கொல்கத்தாவில் சேத்ரியின் விடைபெறும் ஆட்டத்தில் குவைத்தோடு 0-0. தோஹாவில் சாங்தே கோலால் முன்னிலை, பிறகு கோட்டைத் தாண்டிப் போன பந்தை இழுத்து கத்தார் போட்ட கோல், 1-2. இந்த மூன்றில் எந்த ஒன்றை வென்றிருந்தாலும் இரண்டாமிடம் நம்முடையது. தோஹா நடுவரை இன்னும் ஏசுகிறோம், ஏசுவோம், ஞாயம்தான். கவுகாத்திக்கு நடுவரா காரணம்?

அந்த ஆண்டு முழுக்க இந்திய அணி ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. அப்போதைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் என்ன செய்தார்? ஓய்வு பெற்ற சேத்ரியை நாற்பது வயதில் திரும்ப அழைத்தார். வெட்கப்பட வேண்டிய முடிவு என்று பலரும் எழுதினார்கள். எழுதியவர்கள் ஐ.எஸ்.எல். பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும். 2024-25 சீசனில் 23 கோல் போட்டு முதலிடம் பிடித்தவர் மொராக்கோக்காரர் அலாவுதீன் அஜாரேய். இந்தியர்களில் முதலிடம், 14 கோலோடு, அதே சேத்ரி. அடுத்த இந்தியர் அதில் பாதிதான். வேறு யாரைக் கூப்பிடுவது?

கிளப்கள் கோலடிக்கும் ஒன்பதாம் எண்ணை வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. காசு போட்டவர் கோல் கேட்கிறார், பயிற்சியாளர் வேலையைக் காப்பாற்றிக்கொள்கிறார். குற்றம் சொல்ல முடியாது. முன்வரிசை இந்தியப் பையன் ஓரத்துக்குப் போய் கிராஸ் போடப் பழகுகிறான். தேசிய அணிக்கு வரும்போது ஓரத்தில் ஆள் குவிகிறது, நடுவில் காலி. 2025 ஆகஸ்டில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற காலித் ஜமீல் மத்திய ஆசியப் போட்டியில் ஓமனை பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்று மூன்றாமிடம் பிடித்தபோது தடுப்பைச் சரிசெய்தார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் சம்மேளனத்துக்கும் லீக் நடத்துபவர்களுக்கும் ஒப்பந்தத் தகராறு, லீக்கே அப்போது தொடங்கவில்லை. பெரும்பாலான வீரர்கள் கிளப் ஆட்டப் பழக்கம் இல்லாமலே சிங்கப்பூருக்கு எதிராக இறங்கினார்கள்.

டாக்காவில் நவம்பர் 18 அன்று 22 ஆண்டுகளுக்குப் பிறகு வங்கதேசத்திடம் தோற்றோம். ஷேக் மோர்சலின் தொடக்கத்திலேயே போட்ட கோல். பாதி நேரத்துக்கு முன் காலியான கோலை நோக்கி சாங்தே அடித்த பந்தை இங்கிலாந்தில் வளர்ந்த ஹம்சா சவுத்ரி தலையால் தடுத்தார். உடனே வெளிநாட்டு இந்தியர்களைக் கொண்டு வா என்ற குரல் பலமாகிவிட்டது. ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு வந்த ரயான் வில்லியம்ஸுக்கு அன்று அனுமதிக் கடிதம் வந்து சேராததால் ஆட முடியவில்லை. அவர் வருவது நல்லதுதான். முப்பதைத் தாண்டியவர் எத்தனை ஆண்டு ஓடுவார்?

2025 செப்டம்பரில், ஆசியத் தகுதிச் சுற்றில், நம் 23 வயதுக்குட்பட்டோர் அணி பஹ்ரைனை 2-0, புருனேயை 6-0 என்று வென்று, கத்தாரிடம் மட்டும் 1-2 தோற்று, சிறந்த இரண்டாமிட அணிகளின் வரிசையில் இடம் கிடைக்காமல் திரும்பியது. கத்தாருக்கு எதிராக அந்த ஒரு கோலைப் போட்டவர் முகமது சுஹைல். 2026 மார்ச்சில் ஹாங்காங்கோடு மிச்சமிருந்த ஆட்டத்தால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. இப்படிப்பட்ட ஆட்டங்களில்தான் சுஹைலை நடுவில் நிறுத்தி, மூன்று வாய்ப்பைக் கோட்டைவிட்டாலும் வெளியே எடுக்காமல், தொண்ணூறு நிமிடமும் ஆடவிட வேண்டும்.