ஓர் எழுத்துத் தூரம்

"இந்தா பாரு, என் வாயைக் கிளறாதே. அப்புறம் உன் வண்டவாளத்தை எல்லாம் தண்டவாளத்துல ஏத்திடுவேன்!"

குழாயடியிலும் பங்காளிச் சண்டையிலும் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த வசனம். தண்டவாளம் தெரியும். வண்டவாளம்? தனியாக அந்தச் சொல்லை யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. கன்னடத்தில் அதன் உறவுச்சொல்லான 'பண்டவாள' என்றால் முதல், மூலதனம். தொழிலில் போடும் முதலீட்டுக்கு இன்றும் அங்கே அதுதான் சொல். கன்னடத்தில் 'அவன பண்டவாள பயலாயிது' என்றால், அவனுடைய உண்மையான யோக்கியதை வெட்டவெளிக்கு வந்துவிட்டது என்று பொருள். கைமுதல் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பது வியாபாரி வீட்டுக்குள்கூடச் சொல்லாத சேதி ஆயிற்றே!

அதைத் தமிழ் கொண்டுபோய் ரயில் பாதையில் ஏற்றியதுதான் அழகு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை தொடங்கியது. பெட்டியில் பூட்டிவைத்தது ஊர் ஊராக, ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று போனால் எப்படி இருக்கும்! 'மானம் கப்பலேறிப் போச்சு' என்றும் சொல்கிறோம். கப்பலேறிய மானம் கண்காணாத சீமைக்குப் போய்விடும், திரும்பாது. தண்டவாளம் ஏறிய வண்டவாளமோ உள்ளூரிலேயே, தெரிந்தவர்கள் கண்ணெதிரில் ஓடும். எனக்கு இரண்டாவதுதான் கொடுமையாகப் படுகிறது.

ஓசையைப் பாருங்கள். இரண்டு சொல்லுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வேறு. 'வ' போய் 'த' வந்தால், உள்ளறை ரகசியம் ஊர்ப்பொது ஆகிவிடுகிறது. மறைத்து வைத்ததற்கும் அம்பலமாவதற்கும் இடையே அவ்வளவுதான் தூரம் என்பதைச் சொற்களே காட்டிவிடுகின்றன.

இதைவிட நான் வியப்பது அந்த வினைமுற்றை. பெரும்பாலும் 'ஏற்றினேன்' என்று வருவதில்லை; 'ஏத்திடுவேன்', 'ஏத்தட்டுமா?' என்றே வருகிறது. எல்லாம் தெரிந்த ஓரகத்தியோ பழைய கூட்டாளியோதான் இப்படிச் சொல்ல முடியும். சொல்கிறவர் விஷயத்தைச் சொல்வதே இல்லை. கேட்கிற ஒருவருக்கு மட்டும் அது எது என்று தெரியும். முகம் சுண்டும், குரல் இறங்கும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. எந்தக் குற்றத்தையும் பெயர் சொல்லாமல், பொருள் மறந்துபோன ஒரு சொல்லுக்குள் மூடியே வைத்திருக்கிறது அந்த மிரட்டல்.

அடுத்த முறை காதில் விழும்போது, சண்டை அந்த வார்த்தையோடு நின்றதா என்று கவனியுங்கள். பல சமயம் நின்றிருக்கும்.