மூட்டுத் தெரியாத பெயர்ப்பலகை: அழகும் ஆயுளும்

மலேசியாவின் பத்தாங் காலி போன்ற ஊர்களில் கோயிலுக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ கடைக்கோ பெரிய பெயர்ப்பலகை செய்யக் கொடுப்பவர்கள் விரும்புவது ஒன்றுதான்: பலகை ஒரே தகடாகத் தெரிய வேண்டும், நடுவே கோடு தெரியக் கூடாது. நியாயமான விருப்பம். ஆனால் அதை நிறைவேற்றும் வழிகளில் சில பலகையைக் காக்கின்றன. சில அதன் ஆயுளைக் குறைக்கின்றன.

இன்று பெரிய பலகைகளுக்கு அதிகம் பயன்படுவது ஏசிபி எனப்படும் அலுமினியக் கூட்டுத் தகடு. இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக். கடையில் கிடைக்கும் வழக்கமான அளவு 4 அடிக்கு 8 அடி. 20 அடி நீளப் பலகைக்கு மூன்று தகடு வேண்டும். உயரம் 4 அடியைத் தாண்டினால் குறுக்குக் கோடும் சேர்ந்துகொள்ளும்.

கோட்டை மறைப்பதன் பயன் வெறும் அழகோடு முடிவதில்லை. தமிழ் எழுத்துக்கு அது வாசிப்புச் சிக்கல். ஓர் எழுத்தை அடுத்து விழும் செங்குத்துக் கோடு தொலைவிலிருந்து துணைக்கால் போலத் தோன்றலாம். மெய்யெழுத்தின் புள்ளி மேல் குறுக்குக் கோடு ஓடினால் புள்ளியே காணாமல் போகும். மலேசிய ஊராட்சி விதிகளின்படி பலகையில் தேசிய மொழிக்கே முதன்மை. தமிழ் சிறிய அளவில்தான் இடம்பெறுகிறது. சிறிய எழுத்துக்கு ஒரு கோடு செய்யும் கேடு பெரிது. இன்னொரு பயனும் உண்டு. நன்றாக மூடிய இணைப்பில் மழைநீர் புகாது. பின்னாலுள்ள இரும்புச் சட்டம் எளிதில் துருப்பிடிக்காது.

குறை தொடங்குவது பட்டி (putty) வைத்து மறைக்கும்போது. இடுக்கில் பட்டியை நிரப்பி, தேய்த்து, மேலே வண்ணம் அடித்தால் திறப்பு விழா நாளில் பலகை மாசில்லாமல் இருக்கும். ஆனால் தகடு அசையாமல் இருப்பதில்லை. அலுமினியம் ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்குச் சுமார் 0.024 மில்லிமீட்டர் விரியும். பத்தாங் காலி அமைந்த தித்திவாங்சா மலையடிவாரத்தில், நண்பகல் வெயிலில் காய்ந்த தகடு மாலை மழையில் சட்டெனக் குளிர்கிறது. 40 டிகிரி வேறுபாடு என்று கொண்டால் 8 அடித் தகடு 2 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். 20 அடிக்கு அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். கெட்டிப்பட்ட பட்டி அதற்கு ஈடுகொடுக்காது. முதலில் மயிரிழை வெடிப்பு, பிறகு வண்ணம் உரிதல். விரிய இடமில்லாத தகடு உப்பிக்கொள்ளும். சாய்வெயிலில் அந்த உப்பலின் நிழல் பழைய கோட்டைவிட மோசமாகத் தெரியும்.

தகடுகளின் மேல் ஒரே ஸ்டிக்கரை ஒட்டுவது மலிவான வழி. ஆனால் மெல்லிய ஸ்டிக்கர் கீழேயுள்ள மேடுபள்ளத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும்; இடுக்கின் மேல் நாளடைவில் கிழியும். உண்மையில் கோடில்லாத முகப்பைத் தருவது சட்டத்தில் இழுத்துக் கட்டும் பிளெக்ஸ் துணி. 3 மீட்டரைத் தாண்டிய அகலத்திலும் அது சுருளாகக் கிடைக்கிறது. வெயிலில் வெளுப்பதும் தளர்வதும் அதன் குறைகள். ஆனாலும் துணியை மாற்றிக்கொள்ளலாம், சட்டம் நிற்கும்.

சென்னையின் பழைய சினிமா பேனர் ஓவியர்கள் இந்த மூட்டுச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். மரச்சட்டத்தில் துணி கட்டிப் பகுதி பகுதியாக வரைந்து, இடத்தில் சேர்த்து நிறுத்தினார்கள். கோடு இருந்தது; ஓவியம் அதைத் தாண்டி ஓடியதால் பார்ப்பவர் கண் அதில் நிற்கவில்லை. கோட்டை அழிப்பதைவிட அதை ஆள்வதே கைத்திறன் என்பதற்கு அவர்கள் வேலை சான்று.

 

ஆகவே என் முடிவு இது. ஒரே தகட்டில் அடங்கும் பலகையை ஒரே தகட்டில் செய்யுங்கள். பெரிதானால் தகடுகளுக்கிடையே விரிய இடம் விட்டு, நெகிழும் சிலிக்கோனால் மூடுங்கள். கோடு சொற்களுக்கு இடையிலான வெளியில் விழும்படி தகடுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். அல்லது தனியாகச் செய்த, பாக்ஸ் அப் எனப்படும் புடைப்பு எழுத்துகளைக் கோட்டின் மேல் பொருத்துங்கள். கோயில் நிர்வாகத்தினரும் பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: தகடு விரிய எங்கே இடம் விட்டிருக்கிறீர்கள்? கோடு எந்த எழுத்தின் மேல் விழுகிறது? இவற்றுக்கு வரைபடத்தில் விடை காட்டுபவரிடமே வேலையைக் கொடுங்கள்.